அக்காவிடம் கேளுங்கள்: கிளாக்கா, ஸிக்கா?

கேள்வி: அக்கா, வணக்கம். நாங்கள் ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறோம். மனைவி நர்ஸ், எப்போதும் நைட் ஷிப்ட். அடுத்த மாதம் எங்கள் 15-வது கல்யாண நாள். விடியற்காலையில் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறாள் என்பதால் கைக்கு அடக்கமாக ஒரு பிஸ்டல் வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன். கிளாக் 43எக்ஸ், ஸிக் ஸாவர் பி365 எக்ஸ்எல், இந்த இரண்டில் வந்து நிற்கிறேன். வீடியோ பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. இரண்டு பேருமே சிட்டிசன். வீட்டில் ஒன்பது வயதில் பையன் இருக்கிறான். எதை வாங்கட்டும்? சர்ப்ரைஸாகக் கொடுக்க ஆசை.
– வாசகர், கேட்டி, டெக்சஸ்

பதில்: தம்பி, முதலில் அந்த சர்ப்ரைஸை விட்டுவிடுங்கள். கை அளவு தெரியாமல் வளையல் வாங்கி வந்து நீட்டுகிற கதைதான் இது. வளையலையாவது கடையில் மாற்றிக்கொள்ளலாம், பில் போட்டு வெளியே வந்த பிஸ்டலை அநேகமாக எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. யூஸ்டு என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள்.

நீங்கள் பிடித்துவைத்திருக்கிற இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாமான்தான், அதனால்தான் எந்த வீடியோவும் உங்களுக்கு முடிவு சொல்ல மாட்டேன் என்கிறது. இரண்டும் 2019-ல் வந்தவை, இரண்டும் 9 எம்எம், இரண்டிலும் அகலம் சுமார் 28 மில்லிமீட்டர். கிளாக்கின் நீளம் 165 மில்லிமீட்டர் என்றால் ஸிக்குக்கு 168. காலி மேகஸினோடு, அதாவது தோட்டா நிரப்புகிற டப்பாவோடு, கிளாக் 530 கிராம் சொச்சம், ஸிக் ஐம்பது, அறுபது கிராம் அதிகம். ஒரு வேடிக்கை, கிளாக்கின் கைப்பிடி ஸிக்கைவிடக் கொஞ்சம் உயரம், ஆனால் கம்பெனி மேகஸினில் 10 தோட்டாதான் போகும், உயரம் குறைந்த ஸிக்கில் 12 போகும். இதற்காகவே கிளாக்குக்கு வெளிக் கம்பெனிகள் 15 தோட்டா மேகஸின் செய்து விற்கிறார்கள். வாங்கிய அன்றே வெளிச் சாமான் மாட்டுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. உயிருக்கு என்று வைத்துக்கொள்கிற கருவியில் கம்பெனி கொடுத்ததே இருக்கட்டும் என்பது என் கட்சி.

விலையில் ஸிக் நூறு டாலர் முன்னே பின்னே கூட இருக்கும். அந்தக் காசுக்கு குறிபார்க்கிற, இருட்டில் மினுங்குகிற சைட் கூடவே வருகிறது. கிளாக்கின் அடிப்படை மாடலில் இருப்பது வெள்ளைப் புள்ளி போட்ட பிளாஸ்டிக் சைட், பாதிப் பேர் அதைக் கழற்றிவிட்டு வேறு மாட்டுகிறார்கள், அந்தச் செலவையும் சேர்த்தால் கணக்கு சரியாகிவிடும். 2018-ல் முதல் பி365 வந்த புதிதில் ஃபயரிங் பின் உடைகிறது என்று புகார்கள் கிளம்பின, இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். எக்ஸ்எல் அதற்கு அப்புறம் வந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு ஸிக்கை ஒதுக்க வேண்டாம்.

சரி, காகிதத்தில் தெரியாதது கையில் தெரியும். ஒரு சனிக்கிழமை அவரைத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போங்கள். பெரிய ரேஞ்சுகளில் இரண்டையுமே வாடகைக்குத் தருவார்கள். நைட் ஷிப்ட் முடிந்த கையோடு வேண்டாம், தூங்கி எழுந்த நாளாகப் பாருங்கள்.

அங்கே முதல் காரியம், காலித் துப்பாக்கியில் ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் நகர்கிற பகுதியை, இழுக்கச் சொல்லுங்கள். சின்ன பிஸ்டலில் ஸ்பிரிங் கட்டையாக, விறைப்பாக இருக்கும். பிடிக்க இடமும் குறைவு. பெண்கள் நிறையப் பேர் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரல் ஓரத்தாலும் கிள்ளுகிற மாதிரி இழுத்துப் பார்த்து, வரவில்லை என்றதும் எனக்கு பலம் போதாது என்று கீழே வைத்துவிடுவார்கள். பலம் எல்லாம் போதும். இடது உள்ளங்கையை ஸ்லைடின் மேல் கவிழ்த்து நான்கு விரலாலும் கெட்டியாகப் பற்றிக்கொண்டு, துப்பாக்கியை உடம்பை ஒட்டி வைத்து, வலது கையால் கைப்பிடியை முன்னே தள்ள வேண்டும், அதே நேரம் இடது கை பின்னே. குழல் மட்டும் எப்போதும் இலக்குப் பக்கமே இருக்கட்டும், இப்படித் தள்ளும்போது பக்கவாட்டில் திரும்பிவிடுவதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்வது, பக்கத்து லேனில் நிற்பவர் பாவம். எக்ஸ்எல் ஸ்லைடு கொஞ்சம் லேசாக வருகிறது என்று பலர் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான். அவர் கைக்கு எப்படி என்பது அவருக்குத்தான் தெரியும்.

அடுத்தது, மேகஸினை அவரே நிரப்பட்டும். நீங்கள் நிரப்பிக் கொடுக்காதீர்கள். முதல் ஆறு, ஏழு தோட்டா சுலபமாக இறங்கும். கடைசி இரண்டு இருக்கிறதே, கட்டைவிரல் நகம் வெள்ளையாகிவிடும். லோடர் என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி விற்கிறது, அதை மேலே மாட்டி அழுத்தினால் வேலை முடிந்தது. கல்யாண நாள் பரிசில் உண்மையிலேயே உபயோகமான ஐட்டம் அதுதான் என்று சொல்வேன்.

மூன்றாவது, பிடித்த பிடியை மாற்றாமல் கட்டைவிரல் மேகஸின் பட்டனுக்கு எட்டுகிறதா, ஆள்காட்டி விரலின் முதல் கணு வரைக்குமான சதை ட்ரிகரில் நேராக உட்காருகிறதா என்று பாருங்கள். சின்னக் கை என்றால் கிளாக்கில் பின்பக்க மேடு உள்ளங்கையில் முட்டி விரலைக் கொஞ்சம் பின்னால் தள்ளும். ஸிக்கில் கைப்பிடி என்பது தனி பிளாஸ்டிக் கூடு. சீரியல் நம்பர் உள்ளே இருக்கிற இரும்பு யூனிட்டில்தான். அதனால் பிற்பாடு வேறு வடிவக் கைப்பிடி வேண்டும் என்றால் கூட்டை மட்டும் வாங்கி மாற்றிக்கொள்ளலாம், புதுத் துப்பாக்கி, புதுப் பேப்பர் எதுவும் வேண்டாம். இந்த வசதி கிளாக்கில் இல்லை.

அப்புறம்தான் சுடுவது. இரண்டிலும் உதைப்பு இருக்கும். லேசான துப்பாக்கி என்றால் சுமக்கச் சுகம், சுடும்போது மணிக்கட்டு கேட்கும். ஒரு பெட்டி தோட்டாவை இரண்டுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துச் சுடட்டும், எந்தக் காகிதத்தில் ஓட்டைகள் நெருங்கி இருக்கின்றன என்பதைவிட எதைத் திரும்பக் கேட்கிறார் என்று பாருங்கள். பிடித்ததைத்தான் பயிற்சிக்கு எடுத்துப்போவார், பிடிக்காதது டிராயரில் தூங்கும். பின்னால் நின்று டிப்ஸ் சொல்லாமல் இருக்க உங்களால் முடியுமா என்று யோசியுங்கள், முடியாது என்றால் அங்கேயே இருக்கிற பயிற்சியாளருக்கு ஒரு மணி நேரக் காசைக் கட்டிவிட்டு நீங்கள் போய் காபி குடியுங்கள். புருஷன் கற்றுக்கொடுத்து மனைவி கார் ஓட்டக் கற்ற வீடுகளில் நடந்த சண்டைகள் உங்களுக்குத் தெரியும்.

ஒரு வித்தியாசத்தை வீடியோக்காரர்கள் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டுப் போகிறார்கள், எனக்கு அது பெரிசு. சுத்தம் செய்யப் பிரிக்கும்போது கிளாக்கில் ட்ரிகரை ஒருமுறை அழுத்தியே ஆக வேண்டும், அப்போதுதான் ஸ்லைடு கழலும். ஸிக்கில் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, பக்கத்தில் இருக்கிற சின்ன லிவரைத் திருப்பினால் போதும், ட்ரிகரைத் தொட வேண்டாம். மேகஸினை எடுத்துவிட்டோம், காலிதான் என்று நம்பி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பரில் ஒன்று இருப்பதைப் பார்க்காமல் சமையலறை மேசையில் ட்ரிகரை அழுத்தியவர்கள் இந்த ஊரில் ஏராளம். ஒழுங்காகப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், அதை மறுக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருகிற மனிதரை நினைத்துச் சொல்கிறேன்.

இன்னொன்று, கிளாக்கில் விரலால் தள்ளிப் பூட்டுகிற தனி சேஃப்டி கட்டை கிடையாது, ட்ரிகர் நடுவில் இருக்கிற சின்ன நாக்குதான் சேஃப்டி. எக்ஸ்எல்லில் கட்டையோடும் கிடைக்கும், இல்லாமலும் கிடைக்கும். கட்டை வேண்டுமா வேண்டாமா என்று பெரிய சண்டையே நடக்கும், நான் அதில் நுழையவில்லை. ஹோல்ஸ்டரில், அதாவது துப்பாக்கி உறையில், வைப்பவருக்கு அவசியமில்லை. கைப்பையில் சாவி, லிப்ஸ்டிக், பேனாவோடு போட்டுக்கொள்வேன் என்பவருக்கு எந்தக் கட்டையும் போதாது. பைக்குள் தனி அறையும், ட்ரிகரை முழுசாக மூடுகிற கெட்டி உறையும் இல்லாமல் கைப்பை வேண்டவே வேண்டாம். நம் ஆட்கள் சுடிதாரில் போவார்கள், பெல்ட் கிடையாது, அதற்கு இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற பட்டை ஹோல்ஸ்டர் இருக்கிறது. நர்ஸுகள் போடுகிற ஸ்க்ரப்ஸுக்கும் அதேதான்.

என்னிடமே முடிவைக் கேட்டால், சின்னக் கைக்கு எக்ஸ்எல். கை பெரிசு, ஸ்லைடும் சுலபமாக வருகிறது, அதிகம் யோசிக்க விரும்பாத சுபாவம் என்றால் கிளாக், எந்த ஊர்க் கடையிலும் உறையும் உதிரியும் கிடைக்கும். இரண்டிலுமே ஸ்லைடு வர மறுக்கிறது என்றால் பிடிவாதம் வேண்டாம், ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்ட் ஈஸி என்று ஒன்று இருக்கிறது, ஸ்லைடு லேசாக வர வேண்டும் என்றே செய்தது, அதைக் கேளுங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத விஷயம். உங்கள் மனைவி வேலை பார்ப்பது ஆஸ்பத்திரி. டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயதானவர்கள், சட்டத்தில் தடை இல்லாதவர்கள், லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம், உண்மை. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டடம் அந்தக் கணக்கில் வராது. நிர்வாகம் எழுத்தில் அனுமதி கொடுக்காதவரை உள்ளே கொண்டுபோக முடியாது. அப்படியென்றால் பிஸ்டல் ராத்திரி முழுக்கக் காரில் இருக்கும். உங்களுக்குப் பயம் எங்கே? கட்டடத்திலிருந்து பார்க்கிங் காரேஜ் மூன்றாம் மாடி வரைக்கும் நடக்கிற அந்த ஐந்து நிமிஷத்தில்தானே? அந்த ஐந்து நிமிஷமும் அவர் கை வெறுங்கைதான். காரில் ஏறிக் கதவைப் பூட்டிய பிறகுதான் அது அவருக்குக் கிடைக்கும். நான் வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை, எதற்காக வாங்குகிறீர்களோ அதற்கு இது பாதிதான் உதவும் என்கிறேன். பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் செக்யூரிட்டிக்கு போன் போட்டால் கார் வரை கூட வருவார்கள், கேட்கக் கூச்சப்பட்டே பாதிப் பேர் கேட்பதில்லை. அதை இன்றைக்கே கேட்கச் சொல்லுங்கள், காசும் இல்லை.

காரில் வைப்பதென்றால் கிளவ் பாக்ஸ் வேண்டாம், கண்ணாடியை உடைத்ததும் திருடன் முதலில் திறப்பது அதைத்தான். சீட் அடியில் ஸ்டீல் கேபிள் போட்டு இருக்கைக் கம்பியோடு பிணைக்கிற சின்னப் பெட்டகம் கிடைக்கும், அதில் வையுங்கள். பெர்மிட் தேவையில்லை என்று ஆகிவிட்டாலும் எல்டிசி என்கிற, கைத்துப்பாக்கி கொண்டுசெல்ல மாநிலம் தரும் லைசென்ஸை எடுத்துவிடட்டும். பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது, மாநில லைசென்ஸ் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. பையனைப் பள்ளியில் இறக்கிவிடப் போகிற வீட்டுக்கு இது முக்கியம்.

பையன் என்றதும், வீட்டிலும் பெட்டகம் வேண்டும். குண்டு போட்ட துப்பாக்கியை எட்டும்படி வைத்து, அது 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளை கைக்குப் போய்விட்டால் டெக்சஸில் அது குற்றம். அலமாரி மேல் தட்டு, புடவை அடுக்குக்கு அடியில், இதெல்லாம் ஒளித்துவைப்பது ஆகாது. ஒன்பது வயதுப் பையனுக்கு உங்கள் வீட்டில் தெரியாத மூலையே கிடையாது.

கடைசியாகப் பேப்பர். கடையில் 4473 என்று ஒரு ஃபாரம் தருவார்கள். வாங்குவது நீங்கள்தானா என்று அதில் கேட்கும். உங்கள் சொந்தக் காசில் உண்மையான பரிசாக வாங்கினால் ஆமாம் என்று போடலாம், சட்டம் அனுமதிக்கிறது. யாரோ காசு கொடுத்து, எனக்காக உன் பேரில் வாங்கிக் கொடு என்றால்தான் வில்லங்கம். ஆப்ராம்ஸ்கி வழக்கு என்று ஒன்று. வர்ஜீனியாவில் இருந்த முன்னாள் போலீஸ்காரர், போலீஸ் தள்ளுபடி கிடைக்குமே என்று பென்சில்வேனியாவில் இருந்த மாமாவுக்காக ஒரு கிளாக் 19 வாங்கினார். மாமா முன்கூட்டியே 400 டாலருக்குச் செக் அனுப்பி, கிளாக் 19 என்று அதிலேயே எழுதியும் இருந்தார். இரண்டு பேருக்குமே துப்பாக்கி வைத்திருக்க முழுத் தகுதி இருந்தது. அப்புறமும் பொய் ஃபாரம்தான் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் 5–4 என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. ஆகவே ஆளுக்குப் பாதி போட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சே வீட்டில் வேண்டாம். எனக்குக் கேட்டால் இன்னும் சுலபமான வழி, கடையின் கிஃப்ட் கார்டை உறையில் போட்டுக் கொடுங்கள். அவரே போய், அவர் பேரில், அவர் கைக்குப் பிடித்ததை வாங்கட்டும்.


கேள்வி: டல்லாஸ் பக்கம் இர்விங்கில் எச்1பி-யில் இருக்கிறேன். கிரீன் கார்டு வரிசையில் பல வருஷமாக நிற்கிறேன். பிறந்த நாளுக்கு ஒரு நண்பன் (சிட்டிசன்) ஸிக் பி365 வாங்கித் தருகிறேன் என்கிறான். வாங்கிக்கொள்ளலாமா?
– வாசகர், இர்விங்

பதில்: கூடாது தம்பி. தொடக்கூடக் கூடாது. எச்1பி, எச்4, எல்1, எஃப்1 மாதிரி தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். பரிசா, விலைக்கு வாங்கியதா, வாடகையா என்று அது பார்க்காது. ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு, அதனால் சிலர் அவசரமாக ஒரு வேட்டை லைசென்ஸ் எடுத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போகிறார்கள். அந்த வழியில் போக நினைத்தால் முதலில் குடியேற்ற வக்கீலிடம் பேசிவிட்டுப் போங்கள், கடைக்காரர் பேச்சை நம்பி வேண்டாம். துப்பாக்கிக் குற்றம் என்று ஒரு தீர்ப்பு விழுந்தால் நாடு கடத்த அதுவே காரணமாகும், இத்தனை வருஷம் வரிசையில் நின்றது அத்தனையும் போச்சு.

நண்பனிடமும் சொல்லிவையுங்கள். வைத்திருக்கத் தடை உள்ளவர் என்று தெரிந்தே அவருக்காக வாங்கினால் 2022-ல் வந்த சட்டப்படி 15 வருஷம் வரை உள்ளே போகலாம். பிரியம் இருந்தால் நல்ல பிரியாணி வாங்கித் தரட்டும். கிரீன் கார்டு கைக்கு வந்துவிட்டால் அப்புறம் நீங்களே கடைக்குப் போய் வாங்கலாம், ஃபாரத்தில் கார்டில் இருக்கிற ஏ நம்பரைப் போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.


கேள்வி: நான் டெக்சஸில். தம்பி நியூ ஜெர்சி எடிசனில், கிரீன் கார்டு. அவனுக்கு 43எக்ஸ் வாங்கி, போகும்போது செக்-இன் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா?
– வாசகி, ஆஸ்டின்

பதில்: விமானத்தில் கொண்டுபோவது தனிக் கதை, அதற்கு வழி இருக்கிறது. குண்டு இல்லாமல், கெட்டிப் பெட்டியில் பூட்டி, கவுண்டரில் சொல்லிவிட்டு செக்-இன் செய்யலாம். ஆனால் போய் இறங்கித் தம்பி கையில் கொடுத்தீர்கள் பாருங்கள், அங்கேதான் குற்றம். ஒரு மாநிலத்தில் குடியிருப்பவர் வேறு மாநிலத்தில் குடியிருப்பவருக்கு நேரடியாகத் துப்பாக்கி கொடுக்க மத்தியச் சட்டம் விடாது, கூடப்பிறந்தவர் என்றாலும். அவர் ஊரில் உள்ள லைசென்ஸ் பெற்ற கடை வழியாகத்தான் போக வேண்டும். தபாலில் போட்டுவிடலாமே என்றும் யோசிக்காதீர்கள், அதுவும் வேறு மாநிலத்தில் இருப்பவருக்கு நேரடியாகக் கொடுப்பதுதான்.

அதுவும் நியூ ஜெர்சி! அங்கே ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனித்தனியாக பர்மிட் வாங்க வேண்டும், போலீஸ் விசாரித்துத்தான் கொடுப்பார்கள். மேகஸினில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது என்று 2018-லிருந்து சட்டம். அந்த வகையில் நீங்கள் தேர்ந்தெடுத்த 43எக்ஸ் பொருத்தம்தான், 12 போகிற எக்ஸ்எல் மேகஸின் அங்கே ஆகாது, 10 தோட்டா மேகஸினோடு வருகிறதைத் தேட வேண்டும். முனையில் குழி உள்ள, உள்ளே போனதும் விரிகிற குழிமுனைத் தோட்டாவுக்கும் அங்கே தனிக் கட்டுப்பாடு, டெக்சஸில் அள்ளிப்போட்டுக்கொண்டு வருகிற மாதிரி வர முடியாது. தம்பி முதலில் பர்மிட் வாங்கட்டும், எடிசன் பக்கத்தில் ஒரு கடையைப் பிடிக்கட்டும், நீங்கள் காசை அனுப்பிவிடுங்கள். காசைப் பரிசாகக் கொடுக்க எந்த மாநிலத்திலும் பர்மிட் தேவையில்லை.


கேள்வி: கல்யாண நாளுக்குத் துப்பாக்கி, பிறந்த நாளுக்குத் துப்பாக்கி என்று கேட்கிறார்கள், நீங்களும் எது நல்லது என்று உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். தமிழ்ப் பத்திரிகைக்கு இது தேவையா?
– வாசகர், சிகாகோ

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது சார். அமெரிக்காவில் 2021-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை, பாதிக்கும் மேலே. வீட்டுக்கு வெளியே இருக்கிற திருடனுக்குப் பயந்து வாங்கியது வீட்டுக்குள்ளேயே ஒருவர் மனசு உடைந்த ராத்திரியில் எடுக்கப்படுகிறது என்பதுதான் இந்தக் கணக்கின் அர்த்தம். யாருக்காவது பரிசு தருவதற்கு முன்னால் அந்த வீட்டில் மனச்சோர்வு, குடி, விவாகரத்துப் பேச்சு என்று ஏதாவது ஓடுகிறதா என்று யோசிக்கச் சொல்வேன், ஓடினால் கிளாக்கும் வேண்டாம் ஸிக்கும் வேண்டாம்.

ஆனால் நம் ஆட்கள் வாங்குகிறார்கள் சார். ஒவ்வொரு வாரமும் எனக்குக் கடிதம் வருகிறது. தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள இடம் இல்லை என்றால் கடைக்காரர் விற்க நினைப்பதைத்தான் வாங்கி வருவார்கள், பெட்டகம் வாங்காமல், ஃபாரத்தைப் படிக்காமல், விசா நிலை யோசிக்காமல். அதைவிட இங்கே சொல்லிவிடுவது மேல் என்று நினைக்கிறேன். நீங்கள் வேண்டாம் என்பவர் என்றால் அதுவும் நல்ல முடிவுதான், நான் வாதாட வரவில்லை.


கேள்வி: மகன் டல்லாஸில் இருக்கிறான். என் அறுபதாம் கல்யாணத்துக்கு வரும்போது அவனுடைய 9 எம்எம் பிஸ்டலை எனக்குப் பரிசாகக் கொண்டுவரலாமா? எனக்கு இங்கே தோட்டத்து வீடு, காட்டுப்பன்றித் தொல்லை உண்டு.
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஐயா, முதலில் அறுபதாம் கல்யாணத்துக்கு வணக்கங்கள். கொண்டுவர விடாதீர்கள். இந்தியாவில் 9 எம்எம் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட அளவு, உங்களிடம் லைசென்ஸே இருந்தாலும் அதற்குள் இது வராது. ஏர்போர்ட்டிலேயே மகனைப் பிடித்து உட்காரவைத்துவிடுவார்கள், மேடையில் நீங்கள் மாலையோடு காத்திருக்க வேண்டியதுதான்.

அங்கே லைசென்ஸ்காரர்களுக்குக் கைத்துப்பாக்கியில் வழக்கமாகக் கிடைப்பது .32 அளவுதான். பெண்களுக்கு என்று சொல்லி 2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை நிர்பீக் என்று ஒரு .32 ரிவால்வரைக் கொண்டுவந்தது, எடை அரைக் கிலோ சொச்சம், அப்போதே விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். அந்தக் காசுக்கு இங்கே கிளாக்கும் ஸிக்கும் இரண்டையுமே வாங்கிவிட்டு, தோட்டாவுக்கும் மிச்சம் இருக்கும். அதுவும் பன்றிக்கு ஆகாது ஐயா, எந்தக் கைத்துப்பாக்கியும் ஆகாது. வேலியைப் பலமாகப் போடுங்கள், வனத்துறை ஆபீசில் மனு கொடுங்கள். மகன் வெறுங்கையோடு வரட்டும்.


கேள்வி: பி365 எக்ஸ்எல் வாங்கிவிட்டேன் அக்கா, நீங்கள் சொன்னபடி மனைவியே தேர்ந்தெடுத்தார். ரேஞ்சுக்கு எந்தத் தோட்டா, வீட்டுக்கு எந்தத் தோட்டா?
– வாசகர், ஷுகர் லேண்ட்

பதில்: ரேஞ்சுக்கு மலிவான முழு உறைத் தோட்டா, எஃப்எம்ஜே என்று பெட்டியில் போட்டிருக்கும், மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும். வீட்டுக்குக் குழிமுனை, ஜேஎச்பி என்று இருக்கும், அது உள்ளே போனதும் விரிந்து நின்றுவிடும் என்பதால் சுவரைத் தாண்டி அடுத்த அறைக்குப் போகிற ஆபத்து கொஞ்சம் குறைவு. குறைவுதான், இல்லை என்று இல்லை, இந்த ஊர் ஜிப்சம் சுவரை எந்தத் தோட்டாவும் துளைக்கும், பிள்ளைகள் எந்த அறையில் படுக்கிறார்கள் என்பதை முதலில் யோசியுங்கள். வீட்டுக்கு என்று வாங்கிய குழிமுனையிலும் இரண்டு மேகஸின் அளவுக்காவது ரேஞ்சில் சுட்டுப் பாருங்கள், விலை ஜாஸ்தி என்று மிச்சம் பிடிக்காதீர்கள். சில துப்பாக்கிகளுக்குச் சில பிராண்டு ஒத்துக்கொள்ளாது, சிக்கிக்கொள்ளும், அது ரேஞ்சில் தெரிந்தால் பெட்டியை மாற்றிக்கொள்ளலாம். இரண்டு பெட்டியையும் ஒரே டிராயரில் கலந்து வைக்காதீர்கள். காதுக்கும் கண்ணுக்கும் கவசம் இருக்கட்டும், ரேஞ்சிலிருந்து வந்ததும் சாப்பிடுவதற்கு முன்னால் கையை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், தோட்டாவில் ஈயம் இருக்கிறது, கையோடு வீட்டுக்கு வரும்.